கல்லாச் சாவியும் பாஸ்வேர்டும்

கல்லாச் சாவியைக் கடைப்பையனிடம் கொடுத்துவிட்டு நம்மில் எவரும் வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் ஜி.எஸ்.டி., ஈ-வே பில், வங்கிக் கணக்கு இவற்றின் பாஸ்வேர்டுகளைச் சீட்டில் எழுதி பில் போடும் கம்ப்யூட்டரில் ஒட்டி வைக்கிறோம். இல்லையென்றால் அவை கணக்கு எழுதுபவரின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன. அவர் திடீரென்று நின்றுவிட்டால் ரிட்டர்ன் தள்ளிப்போகும். வியாபாரம் நடந்த மாதத்துக்கு 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், வரிப் பாக்கிக்கு வட்டி வேறு.

நோட்டில் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி நெல்லை சந்திப்புப் பகுதிக்குள் வந்தது. தண்ணீர் புகுந்த கடையில் நோட்டு என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பென் டிரைவும் சரிப்படாது. செருகியவுடன் அதிலுள்ள அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். வைரஸ் இருந்தால் மொத்தமாக வாரிக்கொண்டு போகும். இதற்காகவே இத்தாலியின் இன்வர்ஸ் பாத் நிறுவனம் பென் டிரைவ் அளவிலேயே யூ.எஸ்.பி. ஆர்மரி என்ற முழுக் கம்ப்யூட்டரைச் செய்தது. நம் கைக்கு அடக்கமானது 2015-ல் 5 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை ஸீரோ. நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30. தீப்பெட்டியைவிடச் சற்றே நீளம்.

மெமரி கார்டில் அதற்கான லினக்ஸை ஏற்றி, யூ.எஸ்.பி. வழியாகப் பேசும்படி இரண்டு இடங்களில் திருத்த வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் செய்துவிடுவார்கள். அதில் இரண்டு துளைகள் உண்டு. மின்சாரத்துக்கு மட்டுமான துளையில் செருகினால் ஒன்றும் நடக்காது. பிறகு 'பாஸ்' என்ற இலவசப் புரோகிராம். ஒவ்வொரு பாஸ்வேர்டையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கும். எல்லாவற்றையும் திறக்க ஒரே ஒரு சாவித்தொடர்தான். கடைப் பெயர், பேரன் பெயர் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 6 சொற்கள் போதும். இதை மட்டும் முதலாளியே நேரில் உட்கார்ந்து போடுவது நல்லது; பிள்ளைகள் சற்று எழுந்து போகட்டும்.

கேட்ட பாஸ்வேர்டு மட்டுமே பில் கம்ப்யூட்டருக்குப் போகும். ஆனால் சாவித்தொடரை அதே கம்ப்யூட்டரில்தான் தட்டுகிறோம். கெட்டுப்போன கம்ப்யூட்டர் அதைத் திருடலாம். செருகியிருக்கும் நேரத்தில் உள்ளே கைவைக்கவும் கூடும். ஆகவே சுத்தமான ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் செருகி, வேலை முடிந்ததும் கையோடு எடுத்துவிட வேண்டும். எடுக்குமுன் முறைப்படி அணைக்காவிட்டால் கார்டு கெடும்.

கார்டுக்கு ஒரு நகல் அவசியம். அதைக் கடையில் வைக்காமல் மேட்டுப் பகுதியிலுள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம். சாவித்தொடர் எழுதிய காகிதத்தை அதோடு சேர்த்து வைக்கக் கூடாது.

2025 ஏப்ரல் 1 முதல் ஈ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓ.டி.பி.யும் வேண்டும். பதிவான செல் நம்பர் முதலாளியுடையதா, வேலையை விட்டுப் போனவருடையதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.