முப்பாட்டன் பெயர் என்ன?

நில அளவைக்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டிய பீகார் குடும்பங்களுக்குத் தாத்தாக்கள் கிடைத்தார்கள். அத்தைகள் கிடைக்கவில்லை.

தாத்தாவின் பெயரைக் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். அவருடைய அப்பா பெயரைக் கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். அதற்கும் மேலே ஒரு தலைமுறை போனால் பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது. இருந்தும் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டிய கட்டாயம் பீகார் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது.

மாநிலத்தின் சுமார் 45,000 வருவாய்க் கிராமங்களைத் தழுவிய சிறப்பு நில அளவை, 2024 ஆகஸ்ட் 20ஆம் தேதி முழுவேகம் பிடித்தது. நிலம் வைத்திருப்போரிடம் இரண்டு படிவங்கள் கேட்கப்பட்டன. ஒன்றில், அனுபவத்தில் உள்ள நிலத்தின் விவரம். இன்னொன்றில் வம்சாவளி. பழைய பதிவேட்டில் யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவரில் தொடங்கி, இன்று உழுகிறவர் வரை ஒவ்வொரு தலைமுறையையும் கிளை பிரித்து எழுதித் தர வேண்டும்.

டில்லியிலும் சூரத்திலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் லீவு போட்டுவிட்டு ரயிலேறினார்கள். வட்ட அலுவலகங்களிலும் மாவட்ட ஆவணக் காப்பறைகளிலும் கூட்டம் நெரிந்தது. காகிதம் கிடைக்கவில்லை என்ற கூக்குரல் பலமாக எழவே, ஆவணங்களைத் தேட மூன்று மாத அவகாசம் தருவதாக அடுத்த மாதமே அரசு அறிவித்தது. நிலத்துக்காகத் தொடங்கிய வேலை, லட்சக்கணக்கான குடும்பங்களைத் தங்கள் முன்னோரைத் தேட வைத்துவிட்டது.

அரசு இதில் இறங்கியதற்குக் காரணம் உண்டு. பீகாரில் நடக்கும் கொலைகளில் பெரும்பகுதிக்கு நிலத் தகராறே காரணம் என்று ஆட்சியாளர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். தகராறின் வேர் பதிவேட்டில் இருக்கிறது. 1885ஆம் ஆண்டின் வங்கக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வெள்ளைக்கார அரசு வயல்வயலாக அளந்து எழுதிய கணக்குதான் இதற்கெல்லாம் அடிப்படை. சாரண், சம்பாரண், முசாஃபர்பூர், தர்பங்கா ஆகிய வடபீகார் மாவட்டங்களில் அந்த வேலை 1890களில் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மறு அளவை தொடங்கினாலும் எல்லா ஊரையும் அது எட்டவில்லை. ஆகவே பல கிராமங்களில், இறந்து அறுபது எழுபது ஆண்டுகள் ஆன ஒருவரே காகிதத்தில் இன்னமும் நிலச் சொந்தக்காரர்.

ஒரு வரியில் ஒரு வாழ்க்கை

அந்தக் காகிதத்துக்குப் பெயர் கதியான். நம் ஊர் சிட்டா, அடங்கல் எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். குடியானவர் பெயர், தகப்பன் பெயர், சாதி, குடியிருக்கும் ஊர், கணக்கு எண், வயலின் எண், பரப்பு, கட்ட வேண்டிய வாரம். இவ்வளவுதான். ஆனால் தேடத் தெரிந்தவருக்கு இது ஒரு புதையல். ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது. 1895இல் நடுவயதுக்காரராக இருந்தவரின் தகப்பன் என்றால், அவர் 1857 கலகத்தைப் பார்த்தவராகக்கூட இருக்கலாம்.

பெயர் இருந்தால் போதாது. அது நம் ஆள்தானா என்று தெரிய வேண்டும். பிறந்த கிழமையையே பெயராக வைப்பது அங்கே ஏழைகளிடம் சகஜம். சோமர், மங்ரூ, புதன் என்று ஒரே ஊரில் பல பேர் இருப்பார்கள். இங்கேதான் வயலின் எல்லை கை கொடுக்கிறது. நம் பத்திரங்களில் செக்குபந்தி எழுதுவது போல, வயலுக்கு அடுத்து யார் நிலம் என்று கதியானிலும் குறிப்பு உண்டு. பக்கத்து வயல்காரரின் பேரன் இன்றும் பக்கத்து வயலிலேயே இருப்பார். அவர் வீட்டுக் காகிதத்தையும் நம் காகிதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எந்த மங்ரூ நம் கொள்ளுத்தாத்தா என்பது தெளிந்துவிடும்.

கதியானுக்கும் இன்றைக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அது ஜமாபந்தி. தமிழ்நாட்டில் ஜமாபந்தி என்றால் ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் கணக்கு முடிப்பு. பீகாரில் அதே சொல், ஒவ்வொரு குடியானவர் பெயரிலும் உள்ள வரிக் கணக்கைக் குறிக்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்தாரி முறை ஒழிந்தபோது, தமக்கு வாரம் கட்டியவர்களின் பட்டியலை ஜமீன்தார்கள் அரசிடம் ஒப்படைத்தார்கள். ஜமாபந்திப் பதிவேடு அதிலிருந்து உருவானது. ஜமீன்தாரின் குமாஸ்தா எழுதாமல் விட்ட பெயர், அரசு ஏட்டிலும் ஏறவில்லை. அப்படி விடுபட்ட குடும்பம் பழைய வரி ரசீதுகளை வைத்துத்தான் வழக்காட வேண்டும். ரசீது தகர டப்பாவில் பத்திரமாக இருந்தால் அதிர்ஷ்டம். கோசி, கண்டக் நதிகளின் வெள்ளம் அடித்துச் சென்ற ஊர் என்றால் அதுவும் இல்லை.

படிக்க ஆளில்லை

காகிதம் கிடைத்தவர்களுக்கும் நிம்மதியில்லை. கதியானில் உள்ள எழுத்தை வீட்டில் யாராலும் படிக்க முடியாது. இந்தி படித்த பட்டதாரிப் பேரனாலும் முடியாது. அது கைதி எழுத்து. சிறைக் கைதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணக்கெழுதும் தொழிலில் இருந்த காயஸ்தர்களின் பெயரிலிருந்து வந்த சொல் இது. தேவநாகரியின் தலைக்கோடு இதில் கிடையாது. எழுதுகோலை எடுக்காமல் விரைந்து எழுதப்பட்டது. குறில் நெடில் வித்தியாசத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் பல இடங்களில் இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பீகார் நீதிமன்றங்களின் எழுத்தாக இருந்த கைதியைப் பள்ளிக்கூடங்கள் பிறகு கைவிட்டன. பதிவேடுகள் மட்டும் அதிலேயே தங்கிவிட்டன.

சொற்களோ பாரசீகம். 'வல்த்' என்றால் இன்னாரின் மகன். 'சாகின்' என்றால் வசிக்கும் ஊர். 'பேவா' என்றால் விதவை. இவற்றையெல்லாம் அறிந்த முதியவர்கள் ஊருக்கு ஒருவர்கூட இல்லாத நிலையில், படித்துச் சொல்ல ஆள் தேடிக் குடும்பங்கள் மாவட்டத் தலைநகரங்களுக்கு அலைந்தன. அளவைக்கு வந்த ஊழியர்களின் கதியும் இதுவே. 2024 செப்டம்பரில் அவர்களுக்கே கைதி எழுத்தில் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டியதாயிற்று.

ஒரு எழுத்தைத் தவறாகப் படித்தால் பெயர் மாறும். பெயர் மாறினால் வம்சமே மாறிவிடும். மாவட்டங்கள் மாறியதும் தேடுவோரைக் குழப்பும். பழைய ஷாஹாபாத் 1972இல் போஜ்பூர், ரோத்தாஸ் என்று பிரிந்தது. 1991இல் போஜ்பூரிலிருந்து பக்ஸார் தனி மாவட்டமானது. சாரணிலிருந்து 1972இல் சீவானும் அடுத்த ஆண்டு கோபால்கஞ்சும் பிரிந்தன. தாத்தா பிறந்த மாவட்டம் வேறு, பேரன் பிறந்த மாவட்டம் வேறு. ஆனால் வீடு அதே வீடுதான்.

வீட்டுக்குள்ளேயும் ஒரு சிக்கல் காத்திருந்தது. பெரும்பாலான குடும்பங்களில் பாகப்பிரிவினை வாய்ச்சொல்லாக நடந்திருந்தது. நான்கு பெரியவர்கள் முன்னிலையில் வரப்பைக் காட்டிப் பிரித்துக்கொண்டதோடு சரி. எழுத்து இல்லை. அப்படிப்பட்ட நிலம் பங்காளிகள் எல்லோர் பெயரிலும் கூட்டாகத்தான் பதிவாகும் என்றது விதி. பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவின் மகனையும் தேடிப்போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டிய நிர்ப்பந்தம் பல வீடுகளுக்கு வந்தது.

கப்பலேறியவர் கிடைத்தார்

பரம்பரையைப் பதிந்து வைப்பது பீகாருக்குப் புதிதல்ல. மிதிலையின் மைதிலி பிராமணர்களும் கர்ண காயஸ்தர்களும் திருமண உறவுக்காகப் 'பஞ்ஜி' என்ற வம்சாவளி ஏடுகளைப் பல நூற்றாண்டுகளாகக் காத்து வருகிறார்கள். கயாவுக்குப் பிண்டம் போடச் செல்பவர்களின் குடும்பப் பெயர்கள் அங்குள்ள பண்டாக்களின் ஏடுகளில் ஏறியிருக்கும். உயர்சாதியாருக்கு ஏடு உண்டு. நிலம் உள்ளவருக்குக் கதியான் உண்டு. இரண்டும் இல்லாத கூலிக்காரனுக்கு என்ன உண்டு?

அவன் கப்பலேறியிருந்தால், உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மாவட்டங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ், டிரினிடாட், கயானா, சூரினாம், ஃபிஜி நாடுகளுக்குப் போனவர்களுக்குக் கல்கத்தாவில் குடியேற்றச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாணா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம். நிலம் உண்டா என்ற கேள்வி அதில் இல்லை. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அடையாளம், கொள்ளுப்பேரனுக்கு முகவரியாகிவிட்டது. ஃபிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், கல்கத்தாவிலிருந்து அந்தத் தீவுக்குப் போனவர்களின் 45,439 சீட்டுகளையும் கணினியில் ஏற்றி ஆராய்ந்தார். கடைநிலைச் சாதியினரோடு பிராமணர், ராஜபுத்திரர் உட்பட எல்லாச் சாதியாரும் அந்தக் கப்பல்களில் இருந்தது அதிலிருந்து தெரியவந்தது. சென்னைத் துறைமுகம் வழியாக நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் போன தமிழர், தெலுங்கர் குடும்பங்களும் இதே வழியில்தான் ஊர் தேடுகின்றன. ஃபிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் நாடுகளின் இந்தப் பதிவேடுகளை உலக நினைவுப் பட்டியலில் 2011இல் யுனெஸ்கோ சேர்த்தது.

2012 ஜனவரியில் டிரினிடாட் பிரதமர் கமலா பெர்சாத் பிசேசர் பக்ஸார் மாவட்டத்தின் பேலூபூர் கிராமத்துக்கு வந்தபோது ஊரே திரண்டது. அவருடைய கொள்ளுத்தாத்தா ராம் லக்கன் மிஸ்ரா, 1889இல் கல்கத்தாவில் கப்பலேறியவர். நூற்றிருபத்து மூன்று ஆண்டுகளைக் காகிதம் இணைத்துவிட்டது. அதே காலத்தில் பீகாரிலேயே கூலியாக இருந்துவிட்ட நிலமற்றவனின் கொள்ளுப்பேரனுக்கு இப்படி ஒரு வரிகூடக் கிடையாது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு மனையுரிமை தரும் சட்டம் 1947இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த மனைப் பட்டா இருந்தால் அதுவே குடும்பத்தின் முதல் ஆவணம். அதுவும் இல்லாவிட்டால் மிச்சமிருப்பது வாக்காளர் பட்டியல் ஒன்றுதான்.

அதன் அருமை 2025இல் தெரிந்தது. பீகாரில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்த முனைந்த தேர்தல் ஆணையம், 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் தம் பெயரோ தாய் தந்தை பெயரோ உள்ளவர்களுக்குச் சலுகை தந்தது. ஒரே ஆண்டுக்குள் இரண்டாவது முறையாக, பெற்றோரைக் காகிதத்தில் காட்டும்படி பீகார் கிராமங்கள் கேட்கப்பட்டன. இந்த முறை நிலமில்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள்.

அத்தை எங்கே?

எந்த ஏட்டைப் புரட்டினாலும் காணாத ஒருவர் உண்டு. கதியானில் பெண் பெயர் வருவது பெரும்பாலும் அவள் விதவையானபோதுதான். அப்போதும் இன்னாரின் 'பேவா' என்ற அடைமொழியோடு வருவாள். அண்ணன் தம்பிகள் பெயர் வரிசையாக இருக்கும். அவர்களோடு பிறந்தவள் இருந்தாளா என்பதற்கே சுவடு இருக்காது. சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் பட்டியலிலும் இதே கதை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொல்லித் தம் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்கள் நாடு முழுவதும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் உள்ளிட்ட வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

இப்போதைய வம்சாவளிப் படிவம் ஒரு விதத்தில் புதியது. பழைய ஏடுகளை அரசின் அமீனும் ஜமீனின் குமாஸ்தாவும் எழுதினார்கள். இதைக் குடும்பமே எழுதிக் கையெழுத்திட வேண்டும். மகள்களின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று வருவாய்த்துறை தெளிவாகச் சொன்னது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. ஆனால் பல வீடுகளில் சகோதரிகள் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக்கூடாது என்றே பங்கைக் கேட்பதில்லை. கேட்கமாட்டாள் என்று தெரிந்தால், எழுதாமல் விடுவதும் எளிது. பெயரை எழுதினால் பங்கு கேட்பாளோ என்ற பயம் ஒருபுறம். எழுதாமல் விட்டு அவள் பிள்ளைகள் பின்னாளில் வழக்குப் போட்டால் மொத்த நிலமும் முடங்குமே என்ற பயம் இன்னொருபுறம்.

1890களில் அமீன் எழுதிய ஒற்றை வரியை நம்பித்தான் 2024இல் ஒரு மாநிலமே தன் முன்னோரைத் தேடியது. இப்போது எழுதப்படும் படிவங்களுக்கும் அதே ஆயுள் இருக்கலாம். அப்போது தேடி வரும் பேத்திக்குத் தன் பாட்டி பெயர் கிடைக்குமா? அன்றைக்கு அது அமீன் கையில் இருந்தது. இன்றைக்கு அண்ணன் தம்பிகள் கையில் இருக்கிறது.