காது வலிக்குப் பல் காரணமா?

காதில் வலி. டாக்டர் பார்த்தால் காதில் கோளாறே இல்லை! சிலருக்கு இது தாடை மூட்டின் வேலை. காதுக்கு முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைவதுதான் அந்த மூட்டு.

அமெரிக்காவில், செயிண்ட் லூயிஸ் நகரக் காது டாக்டர் ஜேம்ஸ் காஸ்டன், 1934-ம் ஆண்டில் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். கடைவாய்ப் பற்கள் போனதால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தவில்லை. அதுவே காரணம் என்றார். வந்தது வினை! பல்லைப் பொருத்துவதாகச் சொல்லி, பலருக்கு நல்ல பல்லையும் ராவினார்கள். ராவிய பல் வளருமா?

கோணல் பல் உள்ள பெரும்பாலோருக்கு இந்த வலி இல்லை. வரிசைப் பல்காரர்களுக்கும் வருகிறது. பல்லை நறநறவென்று கடிப்பது, மனக்கவலை, அடிபடுவது என்று காரணங்கள் பல. குழைந்த சோறு, வெந்நீர் ஒத்தடம், தாடைக்கு ஓய்வு. பெரும்பாலோருக்கு இவையே போதும். வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.