எலும்பு நலிவு: பெண்களிடம் விதியாகவும் ஆண்களிடம் விபத்தாகவும் கருதப்படுவது ஏன்?

குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பருகே எலும்பு முறிந்தது, அதன்பின் படுக்கையை விட்டு எழவேயில்லை. முதியோரின் இறுதிக் காலம் பற்றி உறவினர்கள் கூற நாம் அடிக்கடி கேட்கும் செய்தி இது. வழுக்கிய தரையைக் குறைகூறும் நாம், நின்ற நிலையிலிருந்து விழுந்தமைக்கே முறிந்துவிடும் அளவுக்கு அந்த எலும்பு ஏன் நலிந்திருந்தது என்று கேட்பதில்லை. விழுந்தவர் பெண்ணாயின் 'வயதாகிவிட்டது' என்கிறோம். ஆணாயின் 'விபத்து' என்கிறோம்.

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பு அரிக்கப்படுவதும் புதியது உருவாவதும் ஆயுள் முழுவதும் நிகழ்கின்றன. ஏறத்தாழ 30 வயது வரையில் சேமிப்பு மிகுந்திருக்கும். பின்னர் செலவே மிகும். பருவமடையும் காலத்தில் ஆண்களின் எலும்புகள் பருமனில் கூடுதலாக வளர்வதால் அவர்களது சேமிப்பு ஆரம்பத்திலேயே பெரியது. பெண்களின் எலும்பு அரிப்பைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹோர்மோன். மாதவிடாய் நின்றதும் அது வெகுவாகக் குறைந்துவிட, அடுத்துவரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்புத் திணிவில் 20 சதவீதம் வரை இழக்கப்படலாம். இத்தொடர்பை அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் 1940களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். சத்திரசிகிச்சை மூலம் இளவயதில் சூலகங்கள் அகற்றப்பட்ட பெண்களுக்கும் இதே இழப்பு முன்கூட்டியே நேர்கின்றது. இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் குறைவு.

ஆண்களுக்கு இத்தகைய திடீர்ச் சரிவு இல்லை. ஆனால் 65, 70 வயதளவில் இரு பாலாரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எலும்பை இழக்கத் தொடங்குகின்றனர். ஆணின் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறியே எலும்பைக் காக்கின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். புகைத்தல், மது, நீண்டகாலம் உட்கொள்ளப்படும் ஸ்டீரொயிட் மாத்திரைகள், புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ஹோர்மோன் சிகிச்சை ஆகியன அந்தப் பாதுகாப்பைக் குலைக்கின்றன. உலகளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இந்நோயினால் எலும்பு முறிவு ஏற்படும் என மதிப்பிடப்படுகின்றது. இடுப்பருகே முறிவு ஏற்பட்டபின் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்போ பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம்.

மூட்டுகளைப் பொறுத்தவரை எமது பேச்சுவழக்கே ஒரு தடையாக உள்ளது. மூட்டில் வரும் நோவெல்லாம் எமக்கு 'வாதம்' தான். முழங்கால் மூட்டுத் தேய்வு 50 வயதுக்குப் பின் பெண்களையே கூடுதலாகப் பீடிக்கின்றது. முடக்குவாதம் முற்றிலும் வேறானது. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் மூட்டுகளையே தாக்கும் இந்நோய் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருவது மட்டுமன்றி, நடுவயதிலேயே தொடங்கக்கூடியது. காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக விறைத்திருக்குமாயின் எண்ணெய் பூசிக் காலங்கடத்துவது தவறு. முதற் சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சையே மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கின்றது. யூரிக் அமிலத்தினால் கால் பெருவிரல் வீங்கும் நோய் பெரும்பாலும் ஆண்களுக்கு உரியது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரலாம்.

தசையும் வயதுடன் குறைகின்றது. பெண்களிடம் தசை ஆரம்பத்திலேயே குறைவாதலால், கைகளை ஊன்றாது நாற்காலியிலிருந்து எழ முடியாத நிலையை அவர்கள் விரைவில் அடைகின்றனர். வலுவிழந்த தொடையுடையவர் எளிதில் விழுகிறார், நலிந்த எலும்பு முறிகின்றது.

இனி உணவு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் தாய்க்குப் பாலும் மீனும் எவ்வளவு கிடைக்கின்றன என்பதை நாம் அறிவோம். 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. முள்ளுடன் உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு, கீரை ஆகியன இதற்கு உதவும். கல்சியம் உடலிற் சேர விற்றமின் டி வேண்டும். அது பெருமளவில் வெயிலினால் தோலில் உருவாவது. உடல் மறைத்து உடுத்தும் பெண்களுக்கும், பகல் முழுதும் கடைக்குள்ளும் அலுவலகத்திலும் இருக்கும் ஆண்களுக்கும் அது குறைவாகவே கிடைக்கின்றது. உடையைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. மறைவான வீட்டு முற்றத்தில் சிறிது நேரம் வெயில் படுவதற்கு மார்க்கமோ மரபோ தடையில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதத்தினர், அதன்பின் இவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. பெண்கள் ஆண்களைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்வதால், நலிந்த எலும்புகளுடன் தனித்து வாழ்வோரிலும் அவர்களே அதிகம்.

எலும்பு நலிவு பெரும்பாலும் நோவின்றியே முற்றுகின்றது. கூனும் உயரக் குறைவும் சில அடையாளங்கள். பெண்களுக்கு முதல் முறிவு பெரும்பாலும் ஐம்பதுகளில் மணிக்கட்டில் நேர்கின்றது. இடுப்பருகே முறிவு எழுபதுகளிலோ அதற்குப் பின்னரோ வருகின்றது. இடையில் கிடைப்பது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். மணிக்கட்டுக்கு மாக்கட்டு இட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் வேளையில், எலும்பின் அடர்த்தியைப் பரிசோதிக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். 50 வயதைக் கடந்த ஆணுக்குச் சிறிய விழுகையில் எலும்பு முறிந்தாலும் கேட்க வேண்டியது இதே கேள்விதான்.