ஏலமலையின் இரு புறமும்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகள் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறையிலும் உடும்பன்சோலையிலும் மழை எப்படி என்று ஒரு வார்த்தையும், கௌதமாலாவில் இவ்வாண்டு விளைச்சல் எப்படி என்று இரண்டு வார்த்தையும் விசாரிக்காமல் அந்தப் பேச்சை முடிப்பதில்லை. மத்திய அமெரிக்காவில் உள்ள அச்சிறு தேசத்துக்கு 1914-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் ஏலக்காயைக் கொண்டுபோய்க் கோபான் நகரத்துப் பக்கத்து மலைகளில் பயிரிட்டார். தன் ஜனங்கள் உணவில் ஏறக்குறையச் சேர்த்துக்கொள்வதே இல்லாத அந்தப் பண்டத்தை அரபு நாடுகளுக்கு விற்பதற்கென்றே விளைத்து, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவை முந்திக்கொண்டு உலகச் சந்தையில் முதல் ஸ்தானத்தைக் கைப்பற்றிக்கொண்டது கௌதமாலா. ஆகையால் அத்தேசத்தின் அரசியல் சங்கதிகள் நம் ஊர்க்காரர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல.

2024 ஜனவரியில் அங்கே ஜனாதிபதிப் பதவி ஏற்ற பெர்னார்டோ அரேவலோவின் நிலை சற்றுச் சிக்கலானது. தைவானைத் தனி அரசாக அங்கீகரிக்கும் மிகச் சில தேசங்களுள் கௌதமாலாவும் ஒன்று. அண்டை நாடான ஹோண்டுராஸ் 2023-இல் தைவானைக் கைவிட்டுச் சீனாவின் பக்கம் சேர்ந்த பின்னரும் அது தன் பழைய நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. அதன் பெரிய வாடிக்கையாளரும் பெரிய அண்டை வல்லரசும் அமெரிக்கா. எனினும் சீனத்துச் சந்தையையும் முற்றாக விட்டுவிட அரேவலோவுக்கு மனமில்லை. தைவானோடு உறவை வைத்துக்கொண்டே சீனாவோடு வர்த்தகம் செய்ய வழியுண்டா என்று அவர் அரசாங்கம் ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், 2024 மே மாதத்தில் கௌதமாலாவின் காப்பியும் மக்கடாமியாக் கொட்டையும் சீனத் துறைமுகங்களில் திருப்பி அனுப்பப்பட்டன. 2025 ஜூனில் அரேவலோ தைவானுக்கே விஜயம் செய்தார்.

இரு வல்லரசுகளுக்கு இடையே ஒரு சிறு தேசத்துத் தலைவன் எவ்வாறு நடந்துகொள்கிறான், அந்த நடை எதனால் சித்திக்கிறது, எதனால் பங்கப்படுகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் கோபான் வரையில் போகவேண்டியதில்லை. போடியிலிருந்து மேற்கே கண்ணை உயர்த்தினால் தெரிகிற இந்த மலைத்தொடரே, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில், அப்படிப்பட்ட ஒரு சிற்றரசின் கீழ்த்திசை எல்லையாகவும், ஓரளவுக்கு அதன் பொக்கிஷமாகவும் இருந்தது.

மலைக்கு மேற்கே திருவிதாங்கூர். கிழக்கே, போடி முதலிய பாளையங்கள் அடங்கிய திண்டுக்கல் சீமை பெரும்பாலும் மைசூரின் வசம். பின்னாளில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி என்ற போர்வீரர் தம் உன்னதத்துக்கு முதற்படியாக 1755-இல் பௌஜ்தாராக நியமனம் பெற்றது இந்தத் திண்டுக்கல்லில்தான் என்பதை நம் ஜில்லாக்காரர்களில் பலர் மறந்துவிட்டார்கள். மார்த்தாண்ட வர்மர் 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்து, அங்கே சிறைப்பட்ட டி லனாய் என்ற தளபதியையே தம் சைன்யத்தைப் பயிற்றுவிக்க நியமித்து, சுற்றியிருந்த குறுநிலங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு விரிவாக்கிய ராஜ்யம் திருவிதாங்கூர். அந்தச் சைன்யத்துக்குச் சம்பளம் வந்த வழி முக்கியமானது. மிளகையும் ஏலத்தையும் அரசாங்கமே வாங்கி அரசாங்கமே விற்பது என்ற ஏகபோக ஏற்பாட்டினால் வந்த வருமானமே அதன் பெரும்பகுதியைத் தாங்கியது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிப் போய் ஏலத்தோட்டம் போட்ட நம் பக்கத்துக் குடியானவர்கள் விளைத்த காயும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. கணக்குக்குத் தப்பிக் கிழக்கே இறங்கிய சரக்கும் உண்டென்று சொல்ல வேண்டும்.

மார்த்தாண்ட வர்மருக்குப் பின் 1758-இல் பட்டத்துக்கு வந்து, நாற்பது ஆண்டுகள் ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராம வர்மரைத் தர்ம ராஜா என்று சரித்திரம் அழைக்கிறது. அவருடைய ராஜதந்திரத்தின் நுட்பத்தைக் காட்டும் சம்பவங்களுள் இரண்டை மட்டும் இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது 1766-இல் நிகழ்ந்தது. மலபாரைக் கைப்பற்றிய ஹைதர், கொச்சியையும் திருவிதாங்கூரையும் தமக்குக் கப்பம் கட்டும்படி கேட்டார். கொச்சி இணங்கிவிட்டது. தர்ம ராஜாவோ மறுக்கவுமில்லை, இணங்கவுமில்லை. தாம் ஏற்கெனவே ஆற்காட்டு நவாபு முகமது அலிக்குக் கப்பம் செலுத்துகிறவர் என்றும், ஒரே வேளையில் இரண்டு மேலதிகாரங்களுக்குக் கப்பம் செலுத்துவது இயலாதென்றும் பணிவாகப் பதில் அனுப்பினார். நவாபு தம் கடன்காரர்களுக்கே அஞ்சி வாழ்ந்தவர். அவரால் திருவிதாங்கூருக்குக் கெடுதலும் பெரிதாக இல்லை, காவலும் பெரிதாக இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பெனி நின்றது. பலவீனமான எஜமானன் ஒருவனுக்கு வணக்கம் செலுத்துவதைக் கொண்டே பலசாலியான எஜமானன் ஒருவனை வாசலில் நிறுத்திவைக்கும் இந்த சாமர்த்தியத்துக்கு ஈடாக இந்தியச் சரித்திரத்தில் அதிக உதாரணங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, ஹைதருக்குப் பின் திப்பு சுல்தான் காலத்தில். 1784-இல் மங்களூரில் திப்புவும் கம்பெனியும் செய்துகொண்ட உடன்படிக்கையில் திருவிதாங்கூர் கம்பெனியின் நேசநாடு என்று எழுதப்பட்டிருந்தது. 1788-இல் திப்பு, கம்பெனியைத் தவிர்த்துத் தம்மோடு தனியே ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்று தூதர்களை அனுப்பியபோது, தர்ம ராஜா அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். ஆனால் கம்பெனியின் அதிகாரி ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டே வரவேற்றார். திப்புவை அவமதித்ததாகவும் ஆகவில்லை. தமக்குத் தெரியாமல் ஏதோ பேசிவிட்டார் என்று கம்பெனி சந்தேகிப்பதற்கும் இடமில்லை. இருவருக்கும் ஒரே வேளையில், ஒரே சபையில், ஒரே முகத்தைக் காட்டினால் பொய் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் குறைகிறது. இந்நாளைய ராஜதந்திரிகள் இரு தலைநகரங்களுக்கும் சென்று இரண்டு விதமாகப் பேசுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம்.

இடையில் வடக்கு எல்லையில், கடற்கரையிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரையில், டி லனாயின் யோசனைப்படி எழுப்பப்பட்ட நெடுங்கோட்டை என்ற மண்மதில் தொடர் ஒன்றும் இருந்தது. அதன் அகழியையும் கொத்தளங்களையும் விவரித்துக்கொண்டு போவதற்கு இது இடமில்லை.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்தவர் 1789-இல் ஒரு சாகசத்தைச் செய்தார். கொடுங்கல்லூர்க் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் டச்சுக்காரரிடமிருந்து மூன்று லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார். அவை தமக்குக் கப்பம் கட்டும் கொச்சியின் பூமியில் இருப்பவை, விற்க டச்சுக்காரருக்கு உரிமையில்லை என்றார் திப்பு. சென்னையில் கவர்னராயிருந்த ஹாலண்டு, தம்மைக் கேளாமல் செய்த காரியம் என்று அதிருப்தி தெரிவித்தார். அப்போது கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் மட்டும் வேறு விதமாக நினைத்திராவிட்டால், தர்ம ராஜா தன்னந்தனியாக நின்றிருப்பார். வல்லரசு ஒன்றை நண்பனாகக் கொண்டவன், அந்த வல்லரசு ஒரே மனிதன் அல்ல, பல மாளிகைகளில் பல மனத்தோடு வாழும் பலர் என்பதை மறந்துவிடக்கூடாது. தர்ம ராஜா மறந்தாரா, அல்லது தெரிந்தே துணிந்தாரா என்பதில் சரித்திராசிரியர்கள் ஒரே கருத்தினர் அல்லர். துணிந்தார் என்றே நான் எண்ணுகிறேன்.

1789 டிசம்பர் 29-ஆம் தேதி திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கி, பெரும் சேதத்தோடு பின்வாங்கியது. 1790 ஏப்ரலில் மறுபடி வந்து கோட்டையைத் தகர்த்து உள்ளே புகுந்தது. ஆனால் ஆலுவாப் பக்கம் போவதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொள்ள, ஏலமலைகளின் வழியே இறங்கிவரும் பெரியாற்றின் வெள்ளம் அந்தச் சேனையைத் திணறடித்தது; அதே வேளையில் கம்பெனிப் படை கோயம்புத்தூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. திப்பு திரும்பிப்போனார். திருவிதாங்கூர் பிழைத்தது.

பிழைத்த பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கைப்படி திப்பு தம் ராஜ்யத்தில் பாதியை இழந்தபோது, திருவிதாங்கூருக்கு வடக்கேயிருந்த மலபாரும் கிழக்கேயிருந்த திண்டுக்கல் சீமையும் கம்பெனியின் கைக்குப் போயின. ஏலமலைமேல் நின்று பார்த்தவனுக்கு, நேற்றுவரையில் ஒரு பக்கம் பகைவனும் மறுபக்கம் நண்பனும் தெரிந்த இடத்தில், இப்போது சுற்றிலும் நண்பனே தெரிந்தான். மத்தளத்துக்கு இரு புறமும் இடி என்று சொல்லி இரங்குகிறோம். ஒரு புறத்துத் தோல் கிழிந்துபோனால் மத்தளமே இல்லை என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. போரின் செலவில் பெரும் பங்கைக் கம்பெனி தர்ம ராஜாவிடமே கேட்டு வாங்கியது. 1793-இல் மிளகுக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கிற்று. 1795 உடன்படிக்கையில், கம்பெனிப் பட்டாளங்களை நிரந்தரமாகத் தம் செலவில் வைத்துக்கொள்ளவும், கம்பெனியின் சம்மதமின்றிப் பிற ஐரோப்பியரோடு உறவு கொள்ளாமலிருக்கவும் அவர் ஒப்பவேண்டியதாயிற்று. 1798-இல் அவர் காலமானார். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. 1805-இல் அடுத்த அரசரிடமிருந்து ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கப்பமும், உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடும் உரிமையும் கம்பெனிக்குக் கிடைத்தன. 1809-இல் திவான் வேலுத்தம்பி கிளர்ந்தெழுந்தபோது பிரெஞ்சுக்காரரின் துணையைத் தேடியது, இழந்துபோன இரண்டாவது சக்தியைக் கடைசி நேரத்தில் கடல்கடந்து தேடியதேயாகும். அது வரவில்லை.

தர்ம ராஜா வேறு எதைச் செய்திருக்கலாம் என்று கேட்கலாம். திப்புவுக்குப் பணிந்திருந்தால் கொச்சியின் நிலை கிடைத்திருக்கும். அது விரும்பத்தக்கதாக இல்லை. அவருடைய தேர்வைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரு பகைவர் இருக்கிற வரையில்தான் சிறியவனுடைய சொல்லுக்கு விலை உண்டு என்பதும், அவர்களில் ஒருவன் முற்றாக வெல்வதற்கு உதவி செய்கிற சிறியவன் தன் விலையையே குறைத்துக்கொள்கிறான் என்பதும், அவர் சரித்திரத்தில் பிரத்தியட்சமாகத் தெரிகின்றன. இன்றைய இலங்கையைப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்திய விஸ்தரிப்பை எதிர்ப்பதையே கட்சிப் பாடமாகக் கொண்டிருந்த இயக்கத்திலிருந்து வந்த ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, 2024 டிசம்பரில் முதலில் டில்லிக்கு வந்தார்; அடுத்த ஜனவரியிலேயே பீஜிங்குக்குப் போனார். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பெனி ஒன்றிடம் விட்ட தேசம், 2022-இல் பொருளாதாரம் சரிந்தபோது இந்தியாவிடமிருந்து சுமார் 400 கோடி டாலர் உதவியையும் பெற்றது. இருவரில் எவரும் போய்விடக்கூடாது என்பதே கொழும்பின் கவலை. கௌதமாலா செய்வது இதிலிருந்து வேறுபட்டது. அது ஒரு பக்கத்தை ஏற்கெனவே தேர்ந்துகொண்டு, மறுபக்கத்தோடு வியாபாரம் மட்டும் செய்யப் பார்க்கிறது. மே மாதத்துக் கொட்டைகளும் காப்பியும் திரும்பி வந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது சக்தி இல்லாத அரசனுக்கு மிஞ்சுவது காலதாமதம் என்ற ஒரே ஆயுதம். பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப விரும்பிய சென்னை அரசாங்கத்தோடு திருவிதாங்கூர் நெடுங்காலம் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது. கடைசியில் 1886 அக்டோபர் 29-ஆம் தேதி, திவான் ராமையங்கார் கையொப்பமிட்ட குத்தகைச் சாசனத்தின்படி 8,000 ஏக்கர் நிலம் ஏக்கருக்கு ஆண்டுக்கு ₹5 வாடகையில் 999 ஆண்டுகளுக்கு விடப்பட்டது. அந்த ₹40,000 வாடகையும், மகாராஜா கட்டவேண்டிய கப்பத்தில் கழித்துக்கொள்ளப்படவேண்டிய தொகை. 1790-இல் திப்புவைத் தடுத்து நிறுத்திய ஆற்றின் தண்ணீருக்குத்தான் இந்தக் கணக்கு. அந்த நிலத்தில் ஆங்கில எஞ்சினீயர் பென்னிகுவிக் கட்டி 1895-இல் முடித்த அணையின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சீமையும் அவர் படத்தை வீட்டில் மாட்டி வணங்குவதில் நியாயமுண்டு; ஆனால் அந்தக் கையொப்பத்தை மலையின் மறுபுறத்திலிருந்தும் ஒருமுறை பார்ப்பது நமக்கு நல்லது. 1970-இல் அந்த வாடகை ஏக்கருக்கு ₹30 என்று உயர்த்தப்பட்டபோது எதிரெதிரே அமர்ந்து பேசியவை தமிழ்நாட்டு அரசும் கேரள அரசும். அந்தப் பேச்சில் எந்தப் பேரரசும் இடம்பெறவில்லை.