புதுச்சேரி – விழுப்புரம் எல்லைப்பகுதி

புதுச்சேரி – விழுப்புரம் எல்லைப்பகுதி என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டமும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிலப்பரப்பு ஆகும். பிரித்தானிய இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் இடையே உருவான கோடே இன்றும் இங்கு எல்லையாக நீடிக்கிறது.

புவியியல்

ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புதுச்சேரி வட்டாரம் ஒரே தொடர்ச்சியான நிலம் அன்று. அது விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையே பல துண்டுகளாகச் சிதறியுள்ளது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலை வில்லியனூர், அரியூர் ஆகிய புதுச்சேரி ஊர்களைக் கடந்து, தமிழ்நாட்டின் கண்டமங்கலத்துள் நுழைகிறது. பின்னர்த் திருபுவனை, மதகடிப்பட்டு ஆகிய இடங்களில் மீண்டும் புதுச்சேரிக்குள் சென்று, வளவனூருக்கு முன் தமிழ்நாட்டை அடைகிறது. வடக்கே கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பத்தைத் தாண்டிய பின் காலாப்பட்டு புதுச்சேரியின் தனித்துண்டாக அமைந்துள்ளது.

நீர்நிலைகள் இந்த எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. செஞ்சிப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணை, திருவக்கரை வழியாகப் புதுச்சேரிக்குள் புகுந்து கடலில் கலக்கிறது. வீடூர் அணை தமிழ்நாட்டில் இருந்தாலும் இரு பக்க வயல்களும் அதன் நீரால் பயன்பெறுகின்றன. ஊசுட்டேரியும் இரு ஆட்சிப்பகுதிகளிலும் பரவியுள்ளது.

வரலாறு

ஐரோப்பியர் வருகைக்கு முன் இங்கு இவ்வெல்லை இல்லை. திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலும், மரக்காணத்தோடு இணைத்துக் கருதப்படும் எயிற்பட்டினமும் சங்க கால ஓய்மா நாட்டைச் சேர்ந்தவை. கி.பி. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது.

பிரெஞ்சுக்காரர் 1673-74 ஆண்டுகளில் புதுச்சேரியில் குடியேறினர். ஆர்க்காட்டு நவாபு பதவிக்கான போட்டியில் தலையிட்டு 1749-50இல் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் உரிமையைப் பெற்றனர். 1750இல் செஞ்சிக் கோட்டையையும் கைப்பற்றினர். 1760இல் வந்தவாசிப் போரில் தோற்றபின், 1761இல் புதுச்சேரியையும் செஞ்சியையும் இழந்தனர்.

எல்லையின் சிதறலுக்குப் பின்வந்த உடன்படிக்கைகளே காரணம். 1763ஆம் ஆண்டு பாரிசு உடன்படிக்கை புதுச்சேரியைத் திருப்பி அளித்தது, செஞ்சி திரும்பவில்லை. 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் புதுச்சேரியின் சார்பு நிலங்களாக ஏற்றது. 1814ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1816இல் இவை இறுதியாகப் பிரான்சிடம் ஒப்படைக்கப்பட்டன. இடைப்பட்ட ஊர்கள் ஆங்கிலேயரிடமே இருந்தன.

உடன்படிக்கையின் சொற்களே நிலத்தை வகுப்பதற்கு ஐரோப்பாவிலும் சான்று உண்டு. 1659ஆம் ஆண்டு பிரனீசு உடன்படிக்கைக்குப் பின், கட்டலான் மொழி வழங்கும் செர்தான்யாவில் 33 சிற்றூர்கள் பிரான்சுக்குச் சென்றன. 'சிற்றூர் அன்று, நகரம்' என்ற அடிப்படையில் லிவியா மட்டும் எசுப்பானியாவிடம் தங்கியது. இன்றும் அது பிரெஞ்சு நிலத்தால் சூழப்பட்டுள்ளது.

புகலிடமும் இணைப்பும்

ஆங்கிலேயச் சட்டம் எல்லையோடு நின்றதால் சுப்பிரமணிய பாரதி 1908இலும், அரவிந்தர் 1910இலும் புதுச்சேரியில் புகலிடம் பெற்றனர். 1918 நவம்பரில் எல்லையைக் கடந்த பாரதி, கடலூர் அருகே கைது செய்யப்பட்டார்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. 1956இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகத்து 16 அன்று நடைமுறைக்கு வந்தது.

மக்கள்

இரு பக்கத்து மக்களும் பெரும்பாலும் தமிழரே. கொள்வினை கொடுப்பினையும் எல்லை கடந்து நிகழ்கிறது. வேறுபாடு சட்டநிலையில் உள்ளது. அந்த உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்த புதுச்சேரியினர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்தால் அக்குடியுரிமையைத் தொடரலாம். அறிவிக்காதோர் இந்தியக் குடிமக்கள் ஆயினர். அடுத்த ஊரில், பிரித்தானிய ஆட்சியின் கீழ் வாழ்ந்த உறவினருக்கு இவ்வாய்ப்பு இல்லை. இதனால் ஒரே குடும்பத்தின் கிளைகள் இரு நாட்டுக் குடிமக்களாகப் பிரிந்தன. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோர் பேச்சுவழக்கில் 'சொல்தா' எனப்படுகின்றனர். இது படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. 'கொம்யூன்' என்ற உள்ளாட்சிச் சொல்லும் புதுச்சேரியில் நிலைத்துள்ளது.

வரி விகிதம், கல்வி இட ஒதுக்கீடு, அரசு நலத்திட்டங்கள் ஆகியவை இன்றும் எல்லைக்கேற்ப மாறுகின்றன. ஆகவே ஒருவரது இருப்பிடச் சான்று எந்தப் பக்கத்து ஊரைக் குறிக்கிறது என்பது, அவர் பெறக்கூடிய வாய்ப்புகளைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாக உள்ளது.