தோல் நிறத்தில் கோடு கிழித்தது யார்?

1640-ஆம் ஆண்டு ஜூலை மாதம். வர்ஜீனியா அப்போது ஆங்கிலேயரின் குடியேற்றம். அங்கே ஹியூ க்வின் என்பவரிடம் வேலையாட்களாக இருந்த மூன்று பேர் பக்கத்து மேரிலாந்துக்கு ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஆப்பிரிக்கரான ஜான் பன்ச். மூவருக்கும் ஆளுக்கு 30 கசையடி. அதற்கு மேல் ஐரோப்பியர் இருவருக்கும் நான்கு ஆண்டுகள் கூடுதல் வேலை. ஜான் பன்சுக்கோ சாகும்வரை ஊழியம்.

இனவெறி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், “அது மனுஷ சுபாவம் சார், வேற்று முகத்தைப் பார்த்தா ஒரு விலகல் வரத்தான் செய்யும்” என்பார்கள். படித்தவர்களும் சொல்வதுதான். பாதி உண்மை என்பதால் இந்தப் பதில் நீண்ட காலம் தாக்குப்பிடித்துவிட்டது.

எந்தப் பாதி உண்மை? 2005-ல் பிரிட்டனில் பச்சிளம் குழந்தைகளுக்குப் பல இனத்தவரின் முகப்படங்களைக் காட்டினார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் எந்த முகத்தையும் விசேஷமாகப் பார்க்கவில்லை. மூன்று மாதக் குழந்தைகள் தங்கள் இனத்தவரின் முகத்தை அதிக நேரம் பார்த்தன. ஆக, இது பழக்கத்தில் வருவது. மறு ஆண்டு இஸ்ரேலில் நடந்த ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. இரண்டு நிறத்தவரையும் பார்த்து வளர்ந்த எத்தியோப்பிய வம்சாவளிக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வே இல்லை.

ஆனால் ‘நம்ம ஆள், வேற ஆள்’ என்று பிரிப்பதற்கு மூளைக்கு அதிகம் தேவையில்லை. இதைக் காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்து யூதர், நாஜிகள் அவர் குடும்பத்தை அழித்துவிட்டார்கள். பிற்பாடு பிரிஸ்டலில் உளவியல் பேராசிரியரான அவர், 1970-ல் வெளியிட்ட சோதனையில், பதினான்கு பதினைந்து வயதுப் பள்ளிப் பையன்களுக்கு பால் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார். அந்த ரசனைப்படி இரண்டு அணி பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டுதான். பிறகு ஒவ்வொரு பையனும் முகம் தெரியாத இருவருக்குக் காசாக மாறும் புள்ளிகளைப் பங்கிட வேண்டும். தனக்கு ஒரு பைசா கிடையாது. ஒரு கோடியில் தன் அணிக்காரனுக்கு 19, எதிரணிக்காரனுக்கு 25. மறுகோடியில் 7-க்கு 1. இடையில் பல படிகள். 19 வாங்கிக் கொடுப்பதுதானே தன் ஆளுக்கு லாபம்? பலரும் அந்தப் பக்கமே போகவில்லை. தன் ஆளுக்குக் குறைந்தாலும் சரி, எதிரணிக்காரனைவிட ஒரு புள்ளியாவது கூட இருக்க வேண்டும். முன்பின் பகை இல்லை, நிற வேறுபாடு இல்லை. காண்டின்ஸ்கி யாரென்றே அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருக்காது!

அப்படியானால், கோடு கிழிப்பது மூளையின் குணம். அதைத் தோல் நிறத்தில்தான் கிழிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

2001-ல் கலிபோர்னியாவில் ராபர்ட் கர்ஸ்பன் குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு கூடைப்பந்து அணிகள்; இரண்டிலும் கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தோடும் அதைச் சொன்னவரின் படம். பின்னர், எதை யார் சொன்னார் என்று கேட்டார்கள். எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தபோது, நினைவு தப்பியவர்கள் ஒரு கறுப்பர் சொன்னதை இன்னொரு கறுப்பர் மீது ஏற்றினார்கள். அணிக்கொரு சட்டை என்று மாற்றியதும், தவறு அணிவாரியாக நடந்தது. நிறம் பின்னுக்குப் போனது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. யார் யாரோடு கூட்டு என்பதைக் கண்டுபிடிக்கவே மூளை அடையாளம் தேடுகிறது என்றது அந்தக் குழு.

வர்ஜீனியாவில் அந்தச் சட்டையை மாட்டிவிட்டது சட்டம். புகையிலைத் தோட்டங்களில் வெள்ளை ஏழையும் ஆப்பிரிக்கரும் ஒன்றாக உழைத்தார்கள், ஒன்றாக ஓடினார்கள். 1676-ல் நத்தானியேல் பேக்கன் ஆளுநருக்கு எதிராகக் கிளம்பியபோது இந்த இரு தரப்பும் அவரோடு சேர்ந்து ஆயுதம் ஏந்தியது. தலைநகர் ஜேம்ஸ்டவுன் எரிந்தது. (பேக்கனைப் புரட்சியாளர் ஆக்கிவிட வேண்டாம், செவ்விந்தியர்களை இன்னும் கடுமையாக அடிக்கவில்லை என்பதே அவர் கோபம்.) கடைசிவரை ஆயுதத்தைக் கீழே போட மறுத்தவர்கள் 80 ஆப்பிரிக்கர்களும் 20 ஆங்கிலேயர்களும் என்கிறது அந்தக் காலக் குறிப்பு ஒன்று.

இந்தக் கூட்டு தந்த அச்சமும் பின்னால் வந்த சட்டங்களுக்கு ஒரு காரணம் என்று 1975-ல் வாதிட்டார் வரலாற்றாசிரியர் எட்மண்ட் மார்கன். அது மட்டுமே காரணமல்ல. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்ற சட்டம் 1662-லேயே வந்துவிட்டது; இங்கிலாந்திலிருந்து வரும் கூலிகளும் குறைந்துகொண்டிருந்தார்கள். ஆனால் 1705 சட்டத்தைப் படித்தால் கணக்கு புரியும். ஒப்பந்தம் முடிந்த வெள்ளைக் கூலிக்கு 10 புஷல் சோளம், 30 ஷில்லிங், ஒரு துப்பாக்கி. அடிமையிடம் இருக்கும் குதிரை, மாடு, பன்றி பறிமுதல். விற்ற பணம் அந்த வட்டார ஏழைகளுக்கு. வெள்ளை ஏழைக்குத் தோலின் நிறமே ஒரு சொத்தாகிவிட்டது.

நியாயம் கற்பிக்கும் வேலையை அறிவியல் பிறகு எடுத்துக்கொண்டது. பிலடெல்பியாவில் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளின் கொள்ளளவை அளந்தார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் நம்மவர்களின் மூக்கை அளந்து சாதிவாரியாகக் குறித்து வைத்தார். 1972-ல் ரிச்சர்ட் லெவன்டின் புரத வேறுபாடுகளைக் கணக்கிட்டபோது, மனிதர்களின் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. இனங்களுக்கு இடையில் இருந்தது 6 விழுக்காடு சொச்சம்.

ஆனாலும் கோடு அழியவில்லை. யாரும் வெறுக்காமலேயே அது வேலை செய்யும். எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை வைத்து, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிடுவார்கள். 2009-ல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பர் என்றால் விடையோடு கிட்டத்தட்ட 16 விழுக்காடு கூட்டியது. கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்பது அனுமானம். அமெரிக்காவில் அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் தொடங்கும். 18 என்று வந்திருக்க வேண்டியவருக்கு 21 என்று வரும். ஆய்வகத்தில் இருப்பவருக்கு எந்தத் துவேஷமும் தேவையில்லை. கணினி பெருக்கிக் கொடுத்துவிடும்.

2021-ல் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் அந்தப் பெருக்கலை நீக்கப் பரிந்துரைத்தன. 2023-ல் உறுப்பு மாற்று மையங்கள் எல்லாம் பழைய பரிசோதனை முடிவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட வேண்டும் என்று உத்தரவானது. 14,000-க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளுக்குப் பறிபோயிருந்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேர்க்கப்பட்டது. பலருக்கு அது ஆண்டுக்கணக்கு.