உங்களுக்குத் தெரியுமா? கண்டியின் வெண்முதுகுச் சில்லை

தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகலே காட்டின் ஓரங்களிலும், பேராதனைப் பக்கத்து வீட்டு வளவுகளிலும் புல்மணி கொத்தித் திரிகிறது வெண்முதுகுச் சில்லை. நீளம் 10–11 சென்ரிமீற்றர்தான். தலை, மார்பு, சிறகு எல்லாம் கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, வால் கறுத்துக் கூர்ந்திருக்கும். பறந்தெழும்போது இடுப்பில் பளிச்சிடும் வெள்ளைப் பட்டையே சரியான அடையாளம். நீலச்சாம்பல் நிறத் தடித்த அலகு விதை உடைப்பதற்கென்றே அமைந்தது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; பாடுவது ஆண் மட்டும்.

புல்லைப் பந்தாகச் சுருட்டிப் பக்கவாட்டில் வாசல் விட்டுக் கூடு கட்டும். சிறு கூட்டமாகவே திரியும்.

இதற்கு 1766இல் அறிவியற்பெயர் இட்டவர் லின்னேயஸ். அப்போது அது ரீயூனியன் தீவுப் பறவை என்று பிழையாக எழுதப்பட்டது. மூல இடம் இலங்கையே எனப் பின்னர் திருத்தினார்கள்.

இன்னொரு வியப்பு: உலகெங்கும் கூண்டில் வளர்க்கப்படும் ‘பெங்காலி ஃபிஞ்ச்’ வங்காளத்துப் பறவையே அல்ல. இதே இனத்தின் கிழக்காசிய வகையிலிருந்து ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தது அது. காட்டு உறவினரைவிட அதன் பாட்டில் சுர வரிசைகள் சிக்கலாகப் பின்னியிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர் கசுவோ ஒகனோயா காட்டினார். பருந்துக்கும் பசிக்கும் அஞ்சாத வாழ்வில் பாட்டு விரிந்திருக்கலாம் என்பது அவர் தரும் விளக்கம்.